பாதிக் கட்டடத்தின் கணக்கு

உங்கள் மேசைகளில் இப்போது கட்டடங்கள் வண்ண வண்ணமாக ஆடுகின்றன. அண்மையில் உங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தபோது, புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் எனக்கு ஒரு மேம்பாலத்தைத் திரையில் ஆட்டிக் காட்டினார். முதல் அதிர்வு வடிவம், இரண்டாவது, மூன்றாவது என்று விசையைத் தட்டத் தட்டப் பாலம் பாம்பு மாதிரி நெளிந்தது. எல்லோரும் சிரித்தீர்கள், நானும் சிரித்தேன். பிறகு அவரிடம், "முழுப் பாலமா, பாதியா?" என்று கேட்டேன்.

"பாதி போட்டாப் போதும்ல சார். மத்த பாதியும் இதேதானே" என்றார்.

காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். புதியவர்களுக்காகப் பணி அனுபவம் எழுதித் தரும்படி நீங்கள் கேட்டபோது, அந்தப் பெண்ணுக்கு அன்று சொல்லாமல் விட்ட பதிலை எழுதிவிடலாம் என்று தோன்றியது. இது வெற்றிக் கதை இல்லை. என் பணிக்காலத்தில் சொல்லிக்கொள்ளும்படியான கட்டடங்கள் பல உண்டு. அவற்றைப் பற்றி வேறு யாராவது எழுதட்டும்.

எந்தக் கட்டுமானத்துக்கும் தனக்கென்று ஒரு துடிப்பு உண்டு. அந்த வேகத்தில் யாராவது அதைத் தட்டிக்கொண்டே இருந்தால், சிறிய தட்டுக்கும் அது பெரிதாக ஆடும். ஊஞ்சலை எந்த நேரத்தில் தள்ள வேண்டும் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். கட்டடத்தைக் கணினிக்குள் சிறு சிறு துண்டுகளாக வெட்டி அடுக்கி, அது எந்த வேகத்தில் எந்த வடிவத்தில் துடிக்கும் என்று முன்கூட்டியே கண்டுபிடிப்பதுதான் நம் தொழில். உங்களுக்குத் தெரிந்ததையே சொல்வதற்கு மன்னியுங்கள். என் அக்காவின் பேரப்பிள்ளைகளும் இதைப் படிக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

நான் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன். தோட்டத்தின் பெயர் வேண்டாம். எழுபதுகளின் பிற்பாதியில், கோலாலம்பூரில் ஒரு பொறியியல் ஆலோசனை நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தபோது, அதே தோட்டத்திலிருந்து எங்களுக்கு ஒரு வேலை வந்தது.

அங்கே ஆலை இரண்டு தளம். கீழே இலையை உருட்டும் இயந்திரங்கள். மேலே ஒரு நீண்ட மாடி. முன்பெல்லாம் பச்சை இலையை அங்கேதான் பரப்பி வாட்டுவார்கள். இலை வாட்டுவதற்கென்று ஆலையின் பின்புறம் புதுக் கொட்டகை கட்டிய பிறகு மாடி காலியாகிவிட்டது. காலி இடத்தை எந்த மேனேஜரும் சும்மா விடமாட்டார். தேயிலைத் தூளைச் சலித்து ரகம் பிரிக்கும் சல்லடை இயந்திரங்கள் இரண்டை வாங்கி, மாடியின் கிழக்குப் பாதியில் ஒன்றும் மேற்குப் பாதியில் ஒன்றுமாக நிறுத்தினார்கள். இரும்பு உத்தரங்கள், அவற்றின் மேல் பலகைத் தரை. உத்தரங்களின் இரு முனைகளும் இரண்டு பக்கச் சுவர்களை ஒட்டி நின்ற இரும்புத் தாங்கிகளில் முடுக்கப்பட்டிருந்தன. நடுவில் ஒரு வரிசைத் தூண்கள் தாங்கின. மாடிப்படியும் அந்தத் தூண் வரிசையை ஒட்டித்தான் ஏறியது. இந்த மாடிப்படியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சலிப்பு வேலை செய்த பெண்கள் மாடி ஆடுகிறது என்றார்கள். மேனேஜர் ஏறிப் பார்த்தார், ஆடவில்லை. அவர்கள் மறுபடியும் சொன்னார்கள். மறுபடியும் ஏறிப் பார்த்தார், ஆடவில்லை. கடைசியில் பெண்கள் மாடி ஏற மறுத்துவிட்டார்கள். சலிக்காத தூள் மூட்டை மூட்டையாகத் தேங்கியது. மேனேஜர் எங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினார்.

"உன் ஊர், உன் மொழி. நீயே பார்" என்று எங்கள் தலைமைப் பொறியாளர் என்னிடம் தந்தார். நல்ல மனிதர். எனக்குத் தெரிந்த தொழிலில் பாதி அவரிடம் கற்றதுதான். "அதிர்வு வடிவம், எப்படி ஆடும் என்றுதான் சொல்லும். எவ்வளவு ஆடும் என்று சொல்லாது. படத்தைப் பார்த்துப் பயப்படவும் கூடாது, நிம்மதி அடையவும் கூடாது" என்பார். பயப்படாமல் இருக்க அவரிடம் கற்றுக்கொண்டேன். நிம்மதி அடையாமல் இருக்கக் கற்றுக்கொள்ளவில்லை.

அப்போது எங்களிடம் சொந்தக் கணினி கிடையாது. கணக்கைத் துளைகளாகப் பதித்த அட்டைக் கட்டைத் தூக்கிக்கொண்டு நகரத்தில் வாடகைக் கணினி வைத்திருந்த இடத்துக்குப் போக வேண்டும். அந்த இயந்திரத்தின் நினைவகத்தில் முழு மாடியும் அடங்கவில்லை. கட்டடம் கிழக்கும் மேற்கும் ஒரே மாதிரி இருந்ததால் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, நடுத்தூண் வரிசையில் ஒரு கண்ணாடி இருப்பதாக வைத்துக் கணக்கிடலாம் என்று முடிவு செய்தேன். இந்தப் பாதி எப்படி ஆடுகிறதோ, அதன் பிம்பமாக மற்றப் பாதியும் ஆடும். எல்லோரும் செய்ததுதான். விடை வந்தது. மாடியின் மிகக் குறைந்த அதிர்வெண்ணே சல்லடையின் வேகத்துக்கு வெகு மேலே இருந்தது. இரண்டும் சந்திக்க வாய்ப்பே இல்லை. அந்தத் தாளைப் பையில் வைத்துக்கொண்டு மலையடிவாரத்துத் தாப்பாவிலிருந்து மலைப் பேருந்து ஏறினேன்.

ஆலை வாசலில் என் அத்தான் நின்றுகொண்டிருந்தார். அக்காவின் கணவர். ஆலையில் ஃபிட்டர். உருட்டு இயந்திரங்களின் பக்கத்திலேயே வாழ்ந்ததில் அவருக்குக் காது பாதி போய்விட்டது. நாம் கத்த வேண்டும், அவரும் கத்துவார்.

"தம்பி! இந்த உத்தரத்து நட்டையெல்லாம் வாரா வாரம் முடுக்குறேன். வாரா வாரம் தளருது. என்னன்னு பாரு!"

"புது மெஷின்தானே அத்தான், கொஞ்ச நாள்ல பழகிரும்" என்று கத்தினேன்.

"மெஷின் பழகும். நட்டு பழகுமா?" என்று சிரித்துக்கொண்டே ஸ்பானரைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

நான் வந்திருக்கிறேன் என்பதற்காகப் பெண்கள் அன்று மாடி ஏறியிருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் என்னைக் கால்சட்டை போடாத காலத்திலிருந்தே தெரியும்.

"வாங்க இஞ்சினியர் தம்பி. தரைக்குக் காய்ச்சல். தொட்டுப் பாத்து மருந்து குடுங்க" என்றாள் லெச்சுமி. அந்தக் கூட்டத்தில் வாய்க்காரி அவள்தான்.

"காய்ச்சல் இல்லடி, பேய். கொஞ்ச நேரம் ஆடும். அப்புறம் கம்முனு நிக்கும். மறுபடியும் ஆடும்" என்றாள் இன்னொருத்தி.

"ரெண்டு மெஷினும் ஓடுனாத்தான் இப்படி வந்து வந்து போவும். ஒண்ணு மட்டும் ஓடுனா சும்மா நடுங்கிக்கிட்டே கெடக்கும். நல்லாப் படிச்ச பேய்லா அது!" என்றாள் லெச்சுமி.

எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் பல்கலைக்கழகத்தில் எந்தப் பேராசிரியரும் ஒரு சிக்கலை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லிக் கொடுத்ததில்லை. நான் சிரிப்பை மட்டும் கேட்டேன்.

இரண்டு இயந்திரங்களையும் ஓடவிட்டார்கள். நானும் மேனேஜரும் மாடிப்படியின் தலைப்பில் நின்றோம். காலடியில் ஒரு சலனமும் இல்லை. சட்டையில் தூள் படியுமே என்று மேனேஜர் எப்போதும் அந்த இடத்தைத் தாண்டமாட்டார். என் அக்கா கிழக்குச் சல்லடையின் பக்கத்தில் நின்று தூளைக் கையால் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள். இயந்திரச் சத்தத்துக்கு மேல் கூப்பிட்டாள்.

"தம்பி, இங்க வந்து நில்லு! இன்னும் செத்த நேரத்துல வரும், பாரு!"

மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தன் பங்களாவில் தேநீர் தயாராக இருக்கிறது, போகலாமா என்றார்.

பங்களா. என் அப்பா அதன் பின்கட்டு வாசலில் நின்று பார்த்திருக்கிறார். அம்மா அதுவும் பார்த்ததில்லை. நான் முன்வாசல் படியில் ஏறப் போகிறேன். அக்காவை நோக்கி, பிறகு வருகிறேன் என்று கையைக் காட்டிவிட்டு இறங்கினேன். மாடியின் நடுவிலிருந்து அவள் நின்ற இடம் கூப்பிடு தூரம்கூட இல்லை. அதிர்வை அளக்கும் கருவி ஒன்றைப் பல்கலைக்கழகத்தில் கேட்டு வாங்கி வந்திருக்கலாம். கணக்கு இவ்வளவு தெளிவாக இருக்கும்போது எதற்கு என்று விட்டிருந்தேன். கருவிகூட வேண்டாம். என் கால்கள் போதும். அவற்றை அங்கே கொண்டுபோய் நிறுத்தியிருந்தால் போதும்.

தேநீர் நன்றாக இருந்தது. "நான் சொன்னால் கேட்கமாட்டார்கள். நீங்களே தமிழில் சொல்லிவிடுங்களேன்" என்றார் மேனேஜர்.

சொன்னேன். ஆலை முற்றத்தில் நின்று, அட்டைகளையும் கணினியையும் பற்றிக் கொஞ்சம் பெருமையோடு விளக்கி, இந்த மாடி ஆடாது, இயந்திரச் சத்தத்தில் ஆடுகிற மாதிரி தோன்றுகிறது, அவ்வளவுதான் என்றேன்.

"அப்போ எங்க காலு பொய் சொல்லுதா தம்பி?" என்றாள் லெச்சுமி.

"கால் பொய் சொல்லலக்கா. பயம் சொல்லுது."

இந்த மாதிரிப் பதில் சட்டென்று வாயில் வந்தால் எச்சரிக்கையாக இருங்கள். கூட்டம் சிரித்தது, லெச்சுமியும் சிரித்தாள். ஆனாலும் யாரும் நகரவில்லை. அப்போது அக்கா முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள்.

"என் தம்பி கணக்குப் போட்டுட்டான். வாங்கடி" என்று முதல் ஆளாகப் படி ஏறினாள். மற்றவர்கள் அவள் பின்னால் ஏறினார்கள்.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் செய்தி வந்தது. ஒரு பிற்பகல், கிழக்குப் பக்கத்து உத்தரம் ஒன்று தாங்கியிலிருந்து நழுவியிருக்கிறது. தரை சரிந்து, பலகைகளோடு அக்கா கீழ்த்தளத்தில் விழுந்திருக்கிறாள். உருட்டு இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்ததால் உயிர் பிழைத்தாள். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் தடியில்லாமல் நடந்ததில்லை.

தானா ராத்தா ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். என்னைக் கண்டதும் முதலில் தன்னைப் பற்றிப் பேசவில்லை.

"அவரப் போய்ப் பாரு. ரெண்டு நாளா ஒண்ணும் சாப்புடல. நட்டு கழண்டுதான் விழுந்துச்சாம். முடுக்குனேனா இல்லையான்னு தன்னையே கேட்டுக்கிட்டு உக்காந்திருக்காரு. பைத்தியம் புடிச்சிரும் போலருக்கு."

மறுநாள் ஆலையில் விசாரணை. தலைமைப் பொறியாளரும் வந்திருந்தார். கீழ்த்தளத்தில் பொறுக்கிய நட்டுகளை ஒரு தகர மூடியில் போட்டு மேசைமேல் வைத்திருந்தார்கள். மேனேஜருக்கும் எங்கள் தலைவருக்கும் தமிழ் தெரியாது. அத்தானுக்கு ஆங்கிலம் தெரியாது. நடுவில் நான் மொழிபெயர்ப்பாளன்.

"இந்த நட்டுகளைக் கடைசியாக எப்போது முடுக்கினாய் என்று கேள்" என்றார் தலைவர்.

கேட்டேன். அத்தான் காதருகே கையைக் குவித்துக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, அறையே அதிரும் குரலில் சொன்னார்.

"வாரா வாரம் முடுக்குவேன் தம்பி. அந்த வாரமும் முடுக்குனேன். முடுக்க முடுக்கத் தளருதுன்னு நீ வந்தப்பவே உன்கிட்ட சொன்னேன்ல? வாசல்ல வச்சுச் சொன்னேனே?"

"என்ன சொல்கிறார்?" என்றார் தலைவர்.

"வாரம்தோறும் முடுக்குவதாகச் சொல்கிறார்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். பொய் இல்லை. அவர் சொன்னதில் பாதி.

இவ்வளவு நீளமாகப் பேசியதற்கு இவ்வளவுதானா என்பதுபோல மேனேஜர் என்னைப் பார்த்தார். பிறகு தகர மூடியைப் பார்த்தார். வாரந்தோறும் முடுக்கிய நட்டு எப்படித் தரையில் கிடக்கும் என்று அவர் கேட்டதற்கு அத்தானிடம் பதில் இல்லை. அந்தப் பதில் இருக்க வேண்டிய இடம் என் பை.

கோலாலம்பூருக்குத் திரும்பியதும் அட்டைக் கட்டை எடுத்துக்கொண்டு மறுபடியும் கணினியிடம் போனேன். நடுக்கோட்டில் நான் வைத்த கண்ணாடிதான் என்னை உறுத்திக்கொண்டிருந்தது. எங்கள் லயத்துக்குக் கீழே ஓடிய ஓடையில் மூன்று கல்மேல் நீளமாக ஒரே பலகையைப் போட்டிருப்பார்கள். ஒரு பாதியில் அக்கா குதித்தால் மறு பாதி மேலே எழும்பி என்னைத் தூக்கிப் போடும். நடுக் கல்லின்மேல் நிற்பவனுக்கு ஒன்றுமே ஆகாது. அந்த மாடியும் மூன்று தாங்கல்மேல் போட்ட பலகைதான். கிழக்குப் பாதி இறங்கும்போது மேற்குப் பாதி ஏறும். பலகைக்கு அதுதான் மிகச் சுலபமான ஆட்டம், ஆகவே அதுதான் மிகக் குறைந்த அதிர்வெண். நான் வைத்த கண்ணாடி, இரண்டு பாதிகளும் சேர்ந்தே ஏறி, சேர்ந்தே இறங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்திவிட்டது. மாடியின் முதல் துடிப்பையே நான் கணக்கிலிருந்து தள்ளிவிட்டிருந்தேன்.

நினைவகம் போதவில்லை என்பதும் ஒரு சாக்கு இல்லை. நடுக்கோட்டு நிபந்தனையை மாற்றி அதே பாதியை இன்னொரு முறை ஓட்டினால் எதிரெதிர் ஆட்டங்கள் எல்லாம் வந்துவிடும். அதை மாற்ற ஓர் அட்டை போதும். மாற்றினேன். கணினி தந்த முதல் அதிர்வெண் சல்லடையின் வேகத்துக்கு அருகில் வந்து உட்கார்ந்தது. இரண்டு சல்லடைகளும் தனித்தனி பெல்ட் பட்டையில் ஓடுபவை. வேகம் துளி வித்தியாசப்படும். அதனால் சில நேரம் சேர்ந்து தட்டும், சில நேரம் எதிரெதிராகத் தட்டும். சேர்ந்து தட்டும்போது அந்த ஆட்டம் அடங்கிவிடும். எதிரெதிராகத் தட்டும்போது ஊஞ்சல் கிளம்பும். கொஞ்ச நேரம் ஆடும், அப்புறம் கம்மென்று நிற்கும், மறுபடியும் ஆடும். நானும் மேனேஜரும் நின்ற மாடிப்படித் தலைப்பு நடுக் கல்.

அந்த ஆட்டத்தில் எந்த நட்டும் நிற்காது. அத்தான் முடுக்கினார். மாடி கழற்றியது.

தாளைத் தலைமைப் பொறியாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். நிதானமாகப் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"நட்டு கழன்றிருந்தது உண்மைதானே?"

"உண்மைதான்."

"அப்படியானால் உண்மையை எழுதலாம்" என்றார். தாளை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

தலைமைப் பொறியாளர்மேல் பழி போட்டுவிட்டு நான் நகர்ந்துகொள்ள முடியாது. அறிக்கையை எழுதியவன் நான். நட்டுகள் தளர்ந்திருந்தன, பராமரிப்பு போதவில்லை, இரண்டு சல்லடைகளையும் கீழ்த்தளத்துக்கு இறக்கிவிடுவது நல்லது. ஒவ்வொரு வரியும் உண்மை. கடைசி வரியைச் சேர்த்ததால் இனி யாரும் விழமாட்டார்கள், என் கடமை முடிந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். 'பராமரிப்பு' என்ற சொல்லுக்கு அந்த ஆலையில் ஒரே ஓர் ஆள்தான் இருந்தார். அதை நான் எழுதும்போதே அறிந்திருந்தேன்.

அத்தானை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். தோட்டத்தில் வேலை போனால் லயத்து வீடும் போகும். நடக்க முடியாத மனைவியையும் பிள்ளைகளையும் ஒரு லோரியில் ஏற்றிக்கொண்டு அதே மலையில் இருந்த திரிங்காப்பு என்ற ஊருக்குப் போனார். அங்கே பூத்தோட்டம் வைத்திருந்த ஒரு சீனர் தகரக் கூரை போட்ட பலகை வீடொன்றைத் தந்தார். காய்கறி லோரியில் மூட்டை ஏற்றும் வேலை. நான் மாதாமாதம் என்னால் ஆனதைச் செய்தேன். அதைச் செய்ததாக இங்கே எழுதுவதற்கே கூச்சமாக இருக்கிறது.

ஒருமுறை நான் போயிருந்தபோது லோரி ஓட்டுநர் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "உங்க அத்தான் இருக்குறவரைக்கும் எனக்குக் கவலையே இல்லலா. ஏத்துறதுக்கு முன்னாடி நாலு சக்கரத்து நட்டையும் முடுக்குவாரு. ஏத்துன பிறகு மறுபடியும் முடுக்குவாரு. நான் இஞ்சினை ஸ்டார்ட் பண்ணிட்டா, நில்லு நில்லுன்னு ஓடி வந்து இன்னொரு தடவ. ஈப்போ மார்க்கெட்டே நம்மாலதான் லேட்டு!"

நானும் சிரித்தேன். என் பணிக்காலத்தில் சிரித்து முடித்த இடங்களையெல்லாம் இப்போது எண்ணிப் பார்க்கிறேன்.

எண்பதுகளில் ஒரு தீபாவளி. தகரக் கூரையில் மழை. சாப்பிட்டு முடித்ததும் அத்தான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அக்கா அடுப்படியில் இருந்தாள்.

"தம்பி, ஒண்ணு கேக்கணும். நீ படிச்சவன். நல்லா முடுக்குன நட்டு தானாக் கழலுமா?"

அதுவரை அவர் என்னை நேராகக் கேட்டதில்லை. ஒரு சொல் போதும். கழலும் என்றால், ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால், எப்போதிலிருந்து உனக்குத் தெரியும் என்று கேட்பார். அந்த மூன்றாவது கேள்விக்குத்தான் பயந்தேன்.

"பழசெல்லாம் எதுக்கு அத்தான். விடுங்க" என்றேன்.

மழைச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. காதருகே கையைக் குவித்தார். "என்னது?"

"விடுங்கன்னு சொன்னேன்!"

"ஆங்." தலையை ஆட்டிக்கொண்டார். "நான்தான் அந்த வாரம் மறந்திருப்பேன். அவ இடுப்ப ஒடச்சது நான்தான்" என்றார். கத்தவில்லை. அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

இரண்டு ஆண்டு கழித்து நெஞ்சுச் சளியில் இறந்துபோனார்.

இளையவர்களே, நீங்கள் தப்புக் கணக்குப் போடாமல் இருப்பீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எல்லோரும் போடுவோம். பாதியை மட்டும் எடுத்தால் கண்ணாடியைத் திருப்பி வைத்து இன்னொரு முறையும் ஓட்டுங்கள். ஆடுகிறது என்று ஒருவர் சொன்னால் அவர் நிற்கும் இடத்துக்குப் போய் நில்லுங்கள். இவை தொழில் சம்பந்தப்பட்டவை, எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும். எனக்குப் புத்தகத்தில் கிடைக்காதது ஒன்றுதான். கணக்கில் செய்த தவறை ஓர் அட்டையால் திருத்த முடிந்தது. அதற்குப் பிறகு அறை நடுவில் நின்று நான் மொழிபெயர்க்காமல் விட்ட அந்த இரண்டு வாக்கியங்களைத் திருத்த எனக்கு ஆண்டுக்கணக்கில் நேரம் இருந்தும் திருத்தவில்லை. ஆள் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

அத்தானின் கருமாதி முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகு அக்காவிடம் சொன்னேன். கண்ணாடி, மூன்று கல் பலகை, வாசலில் அத்தான் சொன்னது, விசாரணையில் நான் சொல்லாமல் விட்டது, தீபாவளி மழை எல்லாவற்றையும் சொன்னேன். அவள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்போ அவரு முடுக்குனாரா?" என்றாள்.

"முடுக்குனாரு."

"அந்த வாரமும்?"

"அந்த வாரமும் முடுக்குனாரு."

தடியை ஊன்றி மெதுவாக எழுந்தாள். சுவரில் மாலை போட்டு மாட்டியிருந்த அத்தானின் படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"இங்க வந்து நில்லு" என்றாள்.

இந்தத் தடவை போனேன்.

"அவருகிட்ட சொல்லு."

"அத்தான், நீங்க முடுக்குனீங்க" என்றேன்.

"அவருக்குக் காது கேக்காதுன்னு தெரியாதா உனக்கு? சத்தமாச் சொல்லு."

"அத்தான், நீங்க நல்லாத்தான் முடுக்குனீங்க. தப்பு என்னோடது!"

பக்கத்து வீட்டில் யாரோ வானொலியைக் குறைத்தார்கள்.

"இன்னும் சத்தமா" என்றாள் அக்கா.

அதற்குமேல் அன்று எனக்குக் குரல் எழும்பவில்லை. மிச்சத்தை இங்கே எழுதியிருக்கிறேன்.